மலை தந்த முதல்

1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையைப் படமெடுத்தார். கனத்த கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மெழுகு பூசிய தாள்களில் காட்சிகளைப் பதிவுசெய்தபடி தென்னகத்தைச் சுற்றிவந்தவர் அந்த ஆங்கிலேயர். இன்றைய அயல்நாட்டுப் பயணிக்கு அத்தகைய சிரமம் இல்லை. காலையில் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டால் நண்பகலுக்குள் திருப்பதியை அடைந்துவிடலாம், அடுத்து மலைப்பாதை, அதன் முடிவில் திருமலை.

அங்கே அவர் தேடிவரும் காட்சிகளுள் ஒன்று சிலாதோரணம். திருக்கோயிலிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டு நிற்கும் இயற்கைப் பாறை வளைவு அது. உளி படாத தோரணம். மழையும் காற்றும் நெடுங்காலமாகப் பாறையின் மெலிந்த பகுதிகளை அரித்து நீக்க, உறுதியான பகுதி மட்டும் எஞ்சி வளைவாக நிலைத்தது. அதன் உயரமும் ஏழுமலையானின் திருவுருவ உயரமும் ஒன்றே என்பது அடியார்களின் நம்பிக்கை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

அதே சிறப்பைப் பெற்ற மற்றொன்று மலைப்பாதையின் சரிவிலேயே தென்படுகிறது. கீழே மிகத் தொன்மையான கருங்கல். அதன்மேல் நகரி குவார்ட்சைட் எனும் படிவுப் பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் சுமார் 80 கோடி ஆண்டுகளின் இடைவெளி மறைந்திருக்கிறது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் அவ்வழியே செல்கின்றனர். அக்கோட்டை அறிந்து நோக்குவோர் மிகச் சிலரே.

இறைவனைத் தரிசிக்க வருவோருக்குப் பாறையின் வயது எதற்கு என்று கேட்கலாம். மலையையே திருமேனியாகப் போற்றும் மரபு நம்முடையது. மலையை அறிவது அம்மரபுக்கு அயலானதன்று. அதன் நீட்சியே ஆகும்.

எனினும் அறிவதற்கு முன் காப்பது கடமை. மால்டா நாட்டின் கோசோ தீவில் 'நீலச் சாளரம்' எனப் புகழ்பெற்ற கடலோரப் பாறை வளைவு ஒன்று இருந்தது. அதைப் படமெடுக்கவே உலகெங்கிலுமிருந்து பயணிகள் வந்தனர். 2017 மார்ச் 8 அன்று, புயல் வீசிய காலைப் பொழுதில் அது கடலில் சரிந்தது. கலாபகசுத் தீவுகளின் 'டார்வின் வளைவு' 2021 மே மாதத்தில் இடிந்தது. இரண்டும் இயற்கையின் அரிப்பால் வீழ்ந்தவை. சிலாதோரணத்தை அலைகள் தாக்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் அரிப்பினால் பிறந்த வளைவு அரிப்புக்கு என்றும் உட்பட்டதே. அதனுடன் மனிதர் ஏறுவதும் கீறுவதும் சேரலாகாது.

சிலாதோரணத்தைச் சுற்றியுள்ள வேலி படத்தின் அழகைக் குலைக்கிறது என்று கேமராவுடன் வருவோர் வருந்தக்கூடும். நாம் வேலியின் பக்கமே நிற்கிறோம். படம் ஒருவருக்கு உரியது. பாறை இனி வரப்போகும் எல்லோருக்கும் உரியது.

முதலைக் கரைக்காமல் அதன் பயனை நுகர வேண்டும் என்பது சேமிப்பின் முதற்பாடம். இயற்கைச் செல்வத்துக்கும் அதுவே நெறி. வங்கியில் இழந்த முதலை உழைத்து மீண்டும் சேர்க்கலாம்; 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறையை எந்த உழைப்பாலும் ஈட்ட முடியாது. அதன் பயனையோ பெருக்க முடியும். அந்த 80 கோடி ஆண்டுக் கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துரைக்கும் பலகைகள் போதிய அளவில் வேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்ட இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றால், வாடகைக் கார் ஓட்டுநர்கள் அக்கோட்டைச் சுட்டிக்காட்டப் பழகினால், பயணி கூடுதலாக ஒரு நாள் தங்குவார். அந்த ஒரு நாளின் வருவாய் உள்ளூர்க் குடும்பங்களைச் சேரும்.

தொலைதூரத்திலிருந்து வருபவர் ஒரு படத்துக்காக இத்தனை வழி கடந்து வருகிறார். அருகிலேயே வாழும் நாம், அடுத்த முறை மலையேறும்போது வண்டியின் சன்னல் வழியே அச்சரிவை ஒரு கணம் உற்றுநோக்குவோம்; நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.