ஜிம்மிக்கும் பத்தியம்



இந்தப் பக்கத்தில் நாம் வழமையாகப் பேசுவது சுழற்சிக் கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு, மனப்பாரம் போன்ற விடயங்களையே. இம்மாதம் ஒரு நாயைப் பற்றி எழுதப்போகிறேன். "நாங்கள் படுகிற பாட்டுக்குள்ளே நாய்க்கு வைத்தியமோ?" என்று சிலர் சிரிக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புப் பிழை என்று எனக்குப் படிப்பித்தவர் நெல்லியடியில் வசிக்கும் ஓர் அக்கா.

அக்காவின் கணவர் 2009 இல் வன்னியில் இறந்துவிட்டார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, ஒரே மகளுடன் தாய்வழிக் காணிக்குத் திரும்பி வந்தார். மகள் இப்போது திருமணமாகி வெளிமாவட்டத்தில் இருக்கிறாள். அக்கா விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து நெல்லியடியில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒழுங்கையின் கடைசி வீடு. மதில் இல்லை, கிடுகு வேலிதான். அந்த வீட்டின் காவல் ஜிம்மி என்னும் நாய்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜிம்மிக்குச் சொறி வந்தது. வாலடியில் மயிர் கொட்டிச் சிவந்து போனது. இரவு முழுவதும் கால்களை நக்கியது. காதுக்குள்ளிருந்து ஒரு புளித்த மணம் வந்தது. இடியப்பம் எடுக்க வந்த கடைக்காரர் ஒருவர், "சொறிநாய் கிடக்கிற முற்றத்திலே அவிச்ச சாப்பாட்டை ஆர் வாங்குவினம்?" என்று கேட்டுவிட்டார். இரண்டு கடைகள் நின்றுபோயின. சங்கத்தில் எடுத்த கடனின் தவணையும் பிந்தியது.

தவணையைப் பற்றிக் கதைக்கப்போன நான், "அக்கா, இந்த நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடுவது தான் நல்லது. தொழில் முக்கியம் அல்லவா?" என்று சொன்னேன். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கு ஒரு சரணாலயம் அமைத்திருப்பதையும் சொன்னேன்.

அக்கா மாக்கையைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதில் இது: "பிள்ளை, வன்னியிலை இடம்பெயரேக்கை எங்கடை நாயைச் சங்கிலியாலை அவிட்டு விட்டுட்டு வந்தனான். அது கொஞ்சத் தூரம் பின்னாலை வந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. இன்னொருக்கால் அப்படிச் செய்ய என்னாலை ஏலாது. நல்ல காரியம் எண்டால் என்னையும் முன்னுக்கு வரவேண்டாம் எண்டு தான் சொல்லுகினம். அதுக்காக என்னைக் கொண்டுபோய் விடுறதே?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. சமூகவியல் படித்தவள் நான். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளில் பேசுபவள். தனியே வாழும் ஒரு பெண்ணுக்கு இரவில் குரைக்கும் நாய் என்ன பெறும் என்பதை மறந்துபோனேன். மறுநாள் இருவருமாக ஜிம்மியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அரச கால்நடை வைத்தியரிடம் போனோம். அங்கே அறிந்தவற்றையும், பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்டவற்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எல்லாச் சொறியும் ஒன்றல்ல

நாயின் தோல் கடிக்குப் பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைத்து உண்டாக்கும் சொறி ஒன்று. இதிலே ஒரு வகை காதோரத்திலும் முழங்கையிலும் தொடங்கும், மற்ற நாய்களுக்கும் தொற்றும், தூக்கி அணைக்கிற மனிதருக்கும் சில நாட்களுக்குக் கடி உண்டாக்கும். பங்கசுத் தொற்று இன்னொன்று. மூன்றாவது தான் ஒவ்வாமை. ஒவ்வாமை எவருக்கும் தொற்றாது. வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, இவற்றில் எது என்று பிரித்தறியவே.

ஒவ்வாமையும் மூன்று வழிகளில் வரும். முதலாவது தெள்ளு. தெள்ளு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் போகிறது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே போதும், நாட்கணக்காகச் சொறியும். வாலடியும் முதுகின் பின்பாதியும் மயிர் கொட்டினால் முதலில் தெள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது தூசி, பூந்தாது, பூஞ்சணம் போன்ற சுற்றாடற் பொருட்கள். மூன்றாவது உணவு. பின்னைய இரண்டிலும் பாதங்கள், காதுகள், வயிறு, கக்கம், முகம் ஆகிய இடங்களே கூடுதலாகக் கடிக்கும். ஒரே நாய்க்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். ஜிம்மியின் நிலை அதுதான்.

முதலில் தெள்ளு

வைத்தியர் தெள்ளுக்கு மருந்து தந்தார். காதுக்குத் துளிமருந்தும் தந்தார். ஆனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது என்றார். நாயின் உடம்பில் நாம் காணும் தெள்ளு சிறுபங்கு தான். முட்டையும் புழுவும் கூடும் நாய் படுக்கும் சாக்கிலும் நிழல்மண்ணிலும் கிடக்கின்றன. ஆகவே அக்கா கிழமைக்கு ஒருமுறை சாக்கைக் கொதிநீரில் ஊறவைத்துத் தோய்த்து வெயிலில் காயப்போட்டார். திண்ணையின் மூலைகளைக் கூட்டி, குப்பையை எரித்தார். ஜிம்மி படுக்கும் மாமர நிழலில் கிளைகளைத் தறித்து வெயில் விழச் செய்தார். காய்ந்த வெயில் மண்ணில் தெள்ளின் புழு தப்பாது.

கிழமைக்கு ஒருமுறை குளிப்பாட்டவும் சொன்னார்கள். நாம் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் நாயின் தோலை வறளச் செய்யும். நாய்க்குரிய சம்பூவைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரால் நன்றாகக் கழுவி, ஈரம் துவட்டிவிட வேண்டும். சம்பூ நின்றுவிட்டால் அதுவே கடியைக் கூட்டும். வேப்பிலை அவித்து ஆறிய நீரால் கழுவுவது எங்கள் வழக்கம். புண் இல்லாத இடத்தில் அப்படிக் கழுவலாம். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு மாதத்தில் வாலடியில் மயிர் முளைத்தது. ஆனால் கால் நக்குவது நிற்கவில்லை. காதும் மருந்து முடிந்ததும் பழையபடி நாறத் தொடங்கியது. அப்போது தான் வைத்தியர், "இது என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டார்.

சாப்பாட்டில் ஒளிந்திருப்பது

ஜிம்மியின் சாப்பாடு விற்காமல் மிஞ்சிய இடியப்பம், அவித்த கோதுமை மாவில் செய்தது. அதனுடன் மீன் குழம்பு, தேநீருக்குக் கரைத்த பால்மாவின் மிச்சம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எறியும் பிஸ்கட். "இவ்வளவு காலமும் இதைத்தானே சாப்பிட்டது?" என்று அக்கா கேட்டார். அங்கே தான் நாங்கள் பிழைவிடுகிறோம். ஒவ்வாமை புதிய உணவால் மட்டும் வருவதில்லை. உடல் ஒரு புரதத்தை மீண்டும் மீண்டும் சந்தித்து, ஒருநாள் அதை எதிரியாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அதனால் வருடக்கணக்காகச் சாப்பிட்ட உணவே காரணமாக இருக்கக்கூடும்.

உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வொன்று 2016 இல் வெளியானது. அதிலே மாட்டிறைச்சி 34 வீதமான நாய்களுக்கும், பாலுணவு 17 வீதத்துக்கும், கோழி 15 வீதத்துக்கும், கோதுமை 13 வீதத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மீனும் அரிசியும் பட்டியலின் அடியிலே இருந்தன. அது மேல்நாட்டுப் பட்டியல். எங்கள் நாய்கள் சாப்பிடுவது வேறு. ஆனால் பாணும் பிஸ்கட்டும் பால்மாவும் எங்கள் முற்றங்களிலும் உண்டு.

இதற்கு நம்பக்கூடிய இரத்தப் பரிசோதனை இல்லை. ஒரே வழி பத்தியம். பிள்ளைப்பெற்ற வீட்டில் பத்தியம் காத்த எங்களுக்கு இது புதிதல்ல. நாய் முன்பு சாப்பிடாத ஒரு புரதத்தை ஒரு மாவுணவுடன் சேர்த்து எட்டுக் கிழமை கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் வாயில் படக்கூடாது. உணவு ஒவ்வாமை உள்ள பத்து நாய்களில் ஒன்பதுக்கும் மேலானவை எட்டுக் கிழமைக்குள் குணம் காட்டும்.

ஜிம்மி முட்டை சாப்பிட்டதில்லை. முட்டை விற்கிற பொருள், நாய்க்கு வைக்கிற பொருளல்ல. வைத்தியர் சொன்னபடி சோறும் நாளுக்கு இரண்டு அவித்த முட்டையும் என்று முடிவாயிற்று. 56 நாளுக்கு 112 முட்டை! அக்கா விரல் மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். வாழ்வாதார உதவியாகக் கோழி பெற்ற சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் முறை வைத்து முட்டை கொடுத்தார்கள். அக்கா அவர்களுக்கு இடியப்பம் கொடுத்தார். பணம் கைமாறவில்லை. ஒருவர் சொன்னார்: "அந்த நாய் குரைச்சால் எங்கடை ஒழுங்கை முழுக்க முழிக்கும். எங்களுக்கும் அது காவல்தானே."

ஐந்தாம் கிழமை, கால் நக்குவது ஏறக்குறைய நின்றிருந்த வேளையில், ஒரு சின்னப்பிள்ளை பாசத்தோடு இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டது. மூன்றாம் நாள் மீண்டும் கடி. அக்கா அழுதுவிட்டார். அந்தப் பிழையும் எங்களுக்கு ஒரு பாடமாயிற்று. அதன்பின் ஒழுங்கைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஜிம்மி மருந்து குடிக்குது, ஒண்டும் குடுக்கக்கூடாது" என்று சொல்லிவைத்தார். பிள்ளைகளே காவல்காரர் ஆனார்கள்.

எட்டுக் கிழமை முடிந்ததும் பழைய உணவுகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழமை விட்டுச் சோதித்தார்கள். மீன் பிழையில்லை. பால்மாவும் பிழையில்லை. கோதுமை இடியப்பம் வைத்த நான்காம் நாள் கால் சிவந்தது. காரணம் பிடிபட்டது. இப்போது ஜிம்மிக்குச் சோறும் மலிந்த மீனும் தான். வாங்கிக் கொடுத்த முட்டை நின்றுவிட்டதால் செலவும் குறைந்தது.

செய்யக்கூடாதவை

பழைய இஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய், பூச்சிநாசினி ஆகியவற்றைப் பூசாதீர்கள். வைத்தியரிடம் போகுமுன் அக்காவும் அயலவர் சொல்கேட்டு ஒயில் பூசியவர் தான். நாய் அதை நக்கும். தோலும் வேகும், உள்ளுறுப்பும் கெடும்.

எங்களுக்குத் தந்த குளிசைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். கடியை உடனே நிறுத்தும் ஸ்டீரொயிட் குளிசைகளை நீங்களாகத் தொடர்ந்து வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. நாய்க்குரிய தெள்ளு மருந்துகள் சில பூனையைக் கொல்லும்.

அந்திரட்டி, கலியாண வீட்டு மிச்சங்களில் வெங்காயம், உள்ளி, பிளம்ஸ், சமைத்த கோழி எலும்பு இருக்கும். இவை ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் கேடு.

சொறி உள்ள நாய் தானே என்று விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வருடாவருடம் போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயானாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

சகோதரிகளே, ஒவ்வாமை அடியோடு மாறும் நோயல்ல. மாரி தொடங்கினால் ஜிம்மி இன்றும் கொஞ்சம் சொறியும். அப்போது அக்கா குளிப்பாட்டும் நாட்களைக் கூட்டுவார், காதைப் பார்ப்பார், சாக்கை மாற்றுவார். எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டதால் பயம் இல்லை. நின்றுபோன கடைகளில் ஒன்று திரும்ப வந்துவிட்டது. மற்றையது வரவில்லை. கடன் தவணை சென்ற தைமாதத்துடன் முடிந்தது.

போனமாதம் நான் போனபோது ஒழுங்கை முகப்பிலேயே ஜிம்மி குரைத்தது. "ஆளைத் தெரியாதே உனக்கு?" என்று அக்கா அதட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உம்மைத் தெரியும் பிள்ளை. கொண்டுபோய் விடச் சொன்னது நீர்தானே. அது மறக்கேல்லை."

நானும் மறக்கவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.