தாயின் மார்பும் ஒரு வெப்பக் கருவியே

எங்கள் சீர்காழியில் சித்திரை மாதத்து நண்பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. அப்படிப்பட்ட ஊரில் பிறக்கும் குழந்தைக்குக் குளிர் ஓர் அபாயம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் வீட்டு மூலையில் இருக்கும் மண்பானையைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே சித்திரை வெயிலில்தானே பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது? பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குழந்தையும் நனைந்த உடலோடுதான் இவ்வுலகுக்கு வருகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். தோலின் மேலுள்ள ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். துடைக்காமல் விட்ட குழந்தையின் உடலிலிருந்து 10 கிராம் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 5,800 கலோரி. குழந்தையின் எடை 3 கிலோ. உடலின் தன்வெப்பம் சுமார் 0.83. அவ்வளவு வெப்பமும் உடலிலிருந்தே போனால் வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஒன்றரைக் கிலோக் குழந்தையானால் இறக்கம் இரு மடங்கு. (உண்மையில் சுற்றியுள்ள காற்றும் சிறிது வெப்பம் கொடுக்கும், குழந்தையின் உடலும் சிறிது உண்டாக்கும். ஆகவே இது மேல்வரம்பு.) உடல் வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

உருவம் சிறுக்கும்போது கன அளவு குறையும் வேகத்தில் பரப்பளவு குறைவதில்லை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 60 கிலோ மனிதருடன் ஒப்பிட்டால், 3 கிலோக் குழந்தைக்குக் கிலோ ஒன்றுக்கு உள்ள தோலின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நமக்குக் குளிரெடுத்தால் நடுங்குகிறோம். அந்த நடுக்கமே வெப்பம் தருகிறது. பச்சைக் குழந்தைக்கு அவ்வாறு நடுங்கும் திறன் இல்லை. தோள்பட்டைகளுக்கு இடையிலும் வேறு சில இடங்களிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு உண்டாக்கிக்கொள்கிறது. அதற்குப் பிராணவாயுவும் சர்க்கரையும் செலவாகின்றன. குறைமாதக் குழந்தையிடமோ அந்தக் கொழுப்பே மிகக் குறைவு.

பிறந்த கையோடு குழந்தையைக் குளிப்பாட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடும்படி உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உடனே உலரத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்ப்பதே முதல் வேலை.

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற மருத்துவர் இதை ஒரு சிகிச்சை முறையாகத் தொடங்கினார். அவரது மருத்துவமனையில் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லை. எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்றே பலர் இதை நினைத்தார்கள். குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தாயிடம் தர வேண்டும் என்பதுதான் வெகுகாலம் விதியாக இருந்தது.

அந்த விதியைச் சோதித்தது 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பிறந்ததுமே அணைப்பு. மற்றதில் வழக்கப்படி உடல்நிலை சீரான பிறகு. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 12.0, இரண்டாவதில் 15.7. வேறுபாடு தெளிவானதும், இனியும் ஒரு பிரிவுக்கு இதை மறுப்பது முறையன்று என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இந்த முடிவு எனக்கு அந்த எண்களை விடப் பெரிதாகப் படுகிறது.

அரியானாவின் கிராமங்களில் 8,402 குழந்தைகளிடம் வீட்டிலேயே நடத்திய சோதனை 2019-ல் வெளியாயிற்று. அங்கும் முதல் மாத இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. சூடு மட்டுமே காரணம் என்று நான் வாதிட மாட்டேன். தாய்ப்பாலும், நோய்த்தொற்று குறைவதும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

“கருவி வாங்காத அரசுக்கு இது நல்ல சாக்கு” என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அது சரியன்று. தில்லியில் அணைப்புப் பெற்ற குழந்தைக்கும் பிராணவாயு, மருந்து, மருத்துவர் எல்லாம் இருந்தன. கருவியும் வேண்டும், தாயும் வேண்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஊரே வெள்ளக்காடாகி மின்சாரமும் தடைப்பட்டதே, அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் கேட்காத வெப்பக் கருவி எது?

ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையின் பக்கத்திலேயே தாய்க்கு ஒரு கட்டில் போட வேண்டும் என்பது என் கருத்து. “நோய்க்கிருமி வரும்” என்று தாயை வாசலில் நிறுத்துவதற்கு இனி ஆதாரம் இல்லை. கட்டிலுக்கு இடம் வேண்டும், செவிலியர் கூடுதலாக வேண்டும், செலவுதான். தாய் அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் இருந்தால்? தந்தையின் உடலும் 37 டிகிரிதான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார அவருக்கு ஒரு நாற்காலியாவது உள்ளே போடலாமே.