'ஓல்ட்' என்றால் முடிந்துபோனது என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தரம் 6 பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'ஓல்ட்'. கருத்துக் கேட்டால் 'பழைய' என்று டக்கென்று சொல்லிவிடும். ஆனால் படிப்பிக்கிற எங்களுக்குத் தெரியும், அந்தச் சின்னச் சொல்லுக்குள் பல கருத்து இருக்கிறது.

பிறந்து இரண்டு நாளான குழந்தையையும் 'டூ டேய்ஸ் ஓல்ட்' என்றுதான் சொல்வார்கள். அங்கே முதுமை இல்லை, நாள் கணக்கு மட்டும்தான். 'ஓல்ட் ஃபிரெண்ட்' என்றால் வயதான நண்பர் என்று அர்த்தமில்லை, நட்புக்குத்தான் வயது. இந்த இடத்தில் பழமை மதிப்பைக் கூட்டுகிறது. 'ஓல்ட் போய்ஸ்' என்றால் வேறு. பழைய மாணவர் சங்கத்தில் இருபது வயதுப் பொடியனும் இருப்பான். முன்பு படித்தான், இப்போது அங்கே மாணவன் இல்லை என்பதுதான் பொருள்.

குழப்பம் வருவது இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில். 'மை ஓல்ட் ஹவுஸ்' என்று ஒருவர் சொன்னால், என் வீடு பழசாகிவிட்டது என்றும் எடுக்கலாம், முன்பு நான் இருந்த வீடு, இப்போது இல்லை என்றும் எடுக்கலாம். ஒரே சொல்தான். ஒன்றில் வீடு இன்னும் கையில் இருக்கிறது, மற்றதில் கையை விட்டுப் போய்விட்டது.

இலக்கணப் பாடம் நடத்த இதை எழுதவில்லை. இந்தச் சொல் எங்கள் வன்னியில் படிவங்களுக்குள் வந்து, மனிதர்களின் தலையில் ஒட்டப்பட்டது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2008, 2009 யுத்தத்தோடு வன்னி முழுவதும் பெயர்ந்தது. மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களுக்குள் அடைக்கப்பட்டது. அப்போது அரசாங்கமும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோரை இரண்டாகப் பிரித்தன. 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர் 'நியூ ஐ.டி.பி.'. அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தவர் 'ஓல்ட் ஐ.டி.பி.'.

யார் இந்தப் பழையவர்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர். நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று எங்கள் ஊர்ச் சனமெல்லாம் இதற்குள் அடக்கம். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமில்லை. அதே 1990 இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் காணியைப் பறிகொடுத்த தமிழ்ச் சனமும் இதே பெட்டிக்குள்தான் போடப்பட்டது.

உதவி வந்தபோது புதியவர்கள் முதலில், பழையவர்கள் பிறகு என்றானது. 2009 இல் அதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். முள்ளிவாய்க்காலிலிருந்து காயத்தோடும் பசியோடும் வந்த சனத்துக்குத்தான் முதல் கவனிப்புக் கிடைக்க வேண்டும். அதில் யாருக்கும் பொறாமை வரக் கூடாது. அவசரம் முடிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை என்பதுதான் பிரச்சினை. 'நீண்ட காலமாகக் காத்திருப்பவர்' என்று வாசிக்க வேண்டிய சொல், 'முன்பு இடம்பெயர்ந்திருந்தவர், இப்போது இல்லை' என்று வாசிக்கப்பட்டது. 'ஓல்ட் ஃபிரெண்ட்' ஆக இருக்க வேண்டியவர் 'ஓல்ட் போய்' ஆகிவிட்டார்.

ஐக்கிய நாடுகள் 1998 இல் வெளியிட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளில் பழையவர், புதியவர் என்ற பிரிவே இல்லை. இத்தனை வருடம் கடந்தால் ஒருவர் இடம்பெயர்ந்தவர் இல்லை என்றும் அதில் எழுதப்படவில்லை. சுயவிருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் திரும்பிப் போகவோ வேறிடத்தில் குடியேறவோ வழி செய்வது அரசின் கடமை என்றுதான் இருக்கிறது.

எங்கள் நாட்டுச் சட்டமும் ஒரு தடவை இதை உணர்ந்தது. தனியார் காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரித்துக் கேட்கலாம் என்பது பழைய சட்டம். இருபது வருடம் ஊருக்கே போக முடியாதவருக்கு இது என்ன நியாயம்? அதனால்தான் 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமை கேட்க முடியாமல் போனவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஆனால் அதற்கும் இரண்டு வருடக் கெடுத்தான் கொடுத்தார்கள். இருபது வருட இழப்புக்கு இரண்டு வருடம்.

இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். 1990 இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இன்று நாலைந்து குடும்பம். கால் ஏக்கர் வளவை எத்தனையாகப் பிரிப்பது? அவர்கள் வந்து குடியிருக்கக் காணி கேட்டால், 'இவர்கள் யார் புதுசாக?' என்று கேட்கிறார்கள். பட்டியலில் பழையவர், ஊரில் புதியவர். இரண்டு சொல்லும் அவர்களுக்கு எதிராகவே விழுகிறது.

தமிழ் அயலவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்களைச் சொந்த வளவுக்கு விடாமல் வேறிடத்தில் குடியேற்றினார்கள். 2017 இல் அந்தத் தாய்மார் காணி கேட்டு இரவு பகலாக வீதியில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். படிவத்தின்படி அவர்கள் 'நியூ'. இன்று அவர்களின் கதையும் பழையதாகிவிட்டது. இனி ஒரு அதிகாரி அவர்களிடமும் 'அதெல்லாம் பழைய பிரச்சினையம்மா' என்று சொல்லலாம். இந்தச் சொல் ஒரு சமூகத்தோடு நிற்காது.

ஆகவே என் கருத்து இதுதான். பிரதேச செயலகமோ, ஜீ.எஸ். அலுவலகமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, யார் பட்டியல் போட்டாலும் 'பழைய', 'புதிய' என்று எழுத வேண்டாம். ஆண்டை எழுதுங்கள். 'இடம்பெயர்ந்தது 1990, இன்னும் காணி கிடைக்கவில்லை' என்று எழுதினால், அதை முடிந்துபோனது என்று யாராலும் வாசிக்க முடியாது. எத்தனை வருடக் காத்திருப்பு என்பது தானாகவே தெரியும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உறுதி, பேர்மிட், பழைய பங்கீட்டு அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், எது கையில் இருந்தாலும் பிரதி எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு உங்கள் வளவின் எல்லையைச் சொல்லிக் கொடுங்கள். வடக்கே யார், தெற்கே யார், கிணறு எந்தப் பக்கம் என்று. அயலில் இருந்த தமிழ்க் குடும்பத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை சாட்சி சொல்லப்போவது அவர்கள்தான்.