தண்ணீருக்கு யாரிடம் அனுமதி?

விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்ட சிவில் ட்ரோன் மசோதா வரைவைப் படித்ததும் நீரடி வண்டிகள் செய்யும் நம் துறையில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பதிவு, வகைச் சான்றிதழ் என்று நீளும் கட்டாயங்கள் அத்தனையும் ஆளில்லா விமானங்களுக்குத்தான். மாணவர்கள் செய்யும் சிறு ஆர்.ஓ.வி.யோ (டெதர் என்ற கேபிளில் கட்டி இயக்கும் நீரடி வண்டி) ஏ.யூ.வி.யோ (தானே இயங்கும் நீரடி வண்டி) அந்த வரையறைக்குள் வரவே இல்லை. இந்த நிம்மதியை எங்களால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. வரைவில் நீரடி வண்டிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது நமக்கு இழப்பு. அதிலும் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்குப் பெரிய இழப்பு என்பதே எங்கள் நிலை.

காரணத்தை 2021 ட்ரோன் விதிகளிலேயே பார்க்கலாம். ஒரு கல்வி நிறுவனம், பறக்கத் தடையில்லாத பச்சை மண்டலத்தில், தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்துக்குள், ஆராய்ச்சிக்காக ட்ரோன் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழும் தனி அடையாள எண்ணும் வேண்டாம். முன் அனுமதியும் ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழும்கூட வேண்டாம் என்று அவை விலக்கு தருகின்றன. விதி என்று ஒன்று இருப்பதால்தான் விலக்கு என்று ஒன்றும் கிடைத்தது. நீருக்கடியில் விதியே கிடையாது, ஆகவே விலக்கும் கிடையாது; தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே சட்டம். அணை என்றால் நீர்வளத் துறை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள் அடங்கும் ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம். கோயில் குளத்துக்கு அறநிலையத் துறை, மன்னார் வளைகுடாப் பூங்காவுக்கு வனத்துறை, துறைமுகத்துக்கு அதன் நிர்வாகம். இவர்களில் எவர் மேசையிலும் ‘மாணவர் நீரடி வண்டிச் சோதனை’ என்ற தலைப்பில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடையாது. படிவம் இல்லாத விண்ணப்பத்தை மறுத்தால் எந்த அதிகாரிக்கும் கேள்வி வராது. அனுமதித்த பின் ஏதாவது நடந்துவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கத் தேவையில்லை.

கடலோரப் பாதுகாப்பு என்ற மறுப்பு உடனே வரும். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல் வழியாக வந்தவர்கள். அந்தக் கவலையை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வானத்தில் இதே கவலையை அரசு எப்படிக் கையாண்டது? ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் வழியே குண்டு விழுந்தது 2021 ஜூன் 27 அன்று. கல்லூரிகளுக்கு விலக்கு அளித்த அதே விதிகள் அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 25 அன்று. இடையில் இரண்டு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. ஆபத்தையும் கல்வியையும் பிரித்துப் பார்க்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தவிர, டெதரில் கட்டிய ஆர்.ஓ.வி. கட்டறுத்துக்கொண்டு ஓடிவிடும் சாதனமும் அன்று. கேபிள் இல்லாமல் அதை இயக்கவும் முடியாது: கடல் நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும், நீருக்கடியில் ஜி.பி.எஸ். எட்டாது. 50 மீட்டர் கேபிள் என்றால் 50 மீட்டரே அதன் உலகம். கண்ணுக்குத் தெரிந்த கயிற்றின் நுனியில் இருக்கும் வண்டிக்கு, கயிறே இல்லாமல் வானில் பறப்பதற்குக் கிடைக்கும் சலுகையில் பாதிகூட இல்லை.

இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவரும் விஷயம் இங்கேதான் வருகிறது. சோதிக்கத் தண்ணீர் இல்லாத புராஜெக்ட்டை வழிகாட்டி எதை வைத்து மேற்பார்க்கிறார்? 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் மின்சுற்றுகளை நீர் புகாமல் காக்கும் ஒரு என்குளோசரை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அதன் மூடி மேல் விழும் கூடுதல் அழுத்தம் ஏறக்குறைய 95 கிலோ எடைக்குச் சமம். மூடி மெல்லிய தட்டை அக்ரிலிக்காக இருந்தால் நடுவில் உள்வாங்கும். ஓரம் இம்மியளவு தூக்கினாலும் ஓ-ரிங் இறுக்கம் இழக்கும். ஓ-ரிங் பள்ளத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலே போதும், கசிவுக்கு. கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் எபாக்சி வார்த்த பெனட்ரேட்டர் வெளியே கச்சிதமாக இருக்கும்; ஆனால் கேபிளின் உறையில் எங்கோ ஒரு கீறல் விழுந்திருக்க, நீர் உள்கம்பி இழைகளுக்கிடையே ஊர்ந்து என்குளோசருக்குள் சொட்டும். கை பம்பால் வெற்றிடம் இழுத்து, கால் மணி நேரம் அழுத்தமானியின் முள் நகர்கிறதா என்று பார்த்தால் இவற்றில் பல பிடிபடும், எல்லாம் பிடிபடாது. மிதப்பைச் சமன்செய்யும் எடையான பலாஸ்டும் அப்படித்தான். நன்னீரில் சமன் செய்த 10 கிலோ வண்டி, கடலில் கால் கிலோ கூடுதல் மிதப்போடு மேலே துள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், நீர் புகுந்த லிப்போ பேட்டரி. மூடிய குழாய்க்குள் வாயு சேர்ந்து, வண்டியைக் கரையேற்றித் திறக்கும் நேரத்தில் மூடி பறக்கும். எதிரே குனிந்திருப்பது ஒரு மாணவரின் முகம். அழுத்தம் வெளியேற்றும் திருகை முதலில் கழற்று என்று சொல்ல அந்த இடத்தில் வழிகாட்டி நிற்க வேண்டும்.

கெஸெபோ மென்பொருளில் சிமுலேஷன் செய்தால் போதாதா என்பார்கள். கட்டுப்பாட்டு நிரலுக்குப் போதும். நாமும் அதை வற்புறுத்துகிறோம். ஆனால் எந்தச் சிமுலேஷனிலும் கிரீஸ் தடவ மறந்த ஓ-ரிங் இல்லை. ஆர்டுசப் கட்டுப்பாட்டு மென்பொருளோடு ஆயத்தமாக வரும் கிட்டை வாங்கிக்கொள்ளலாமே என்பது இன்னொரு யோசனை. கசியாத குழாயை விலைக்கு வாங்கிவிட்டால், அது ஏன் கசியவில்லை என்ற பாடம் கடையிலேயே நின்றுவிடும். உண்மையில் நடப்பது இவற்றைவிடக் கீழே. வண்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மூன்றடி ஆழம் முங்குகிறது, வீடியோ எடுக்கப்படுகிறது, வைவா முடிகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எட்டாம் பருவப் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். இத்தனை எடை கொண்ட வேலையில் அறிக்கையின் ஓர அளவைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது. முங்கல் பதிவேட்டைக் கேட்க ஒருவரும் இல்லை. எட்டாம் பருவம் நடப்பது ஏரிகள் வற்றிக்கொண்டே வரும் மாதங்களில் என்பது நாட்காட்டி போடுபவர்களுக்குத் தெரியாதா? ஏரிக்கரையில் வழிகாட்டி செலவிடும் சனிக்கிழமை எந்தப் பணிச்சுமைக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆழ்கடலுக்கு மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை அனுப்பத் திட்டமிடும் நாட்டில், அதற்கு நாளை பொறியாளர் தர வேண்டிய கல்லூரி ஒரு குளத்துக்காகத் தாலுகா அலுவலக வாசலில் நிற்கிறது. மசோதா வரைகிறவர்கள், பாடத்திட்டம் வகுக்கிறவர்கள், அங்கீகாரம் தருகிறவர்கள் என எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் வாளாவிருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் மனத்தாங்கல்.

நாம் கேட்பது அதிகமில்லை. டெதரில் இயங்கும், கல்லூரியின் மேற்பார்வையில் உள்ள சிறு வண்டிகளுக்கு, நில உரிமையாளர் சம்மதித்த மூடிய நீர்நிலைகளில் முன் அனுமதி தேவையில்லை என்று புவி அறிவியல் அமைச்சகம் ஒரு வழிகாட்டு நெறி வெளியிடட்டும். மற்ற நீர்நிலைகளுக்கு மாவட்ட அளவில் ஒரே விண்ணப்பம், ஒரே அதிகாரி, 15 நாளில் பதில். பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் (என்.ஐ.ஓ.டி.) சோதனைத் தொட்டியும் அழுத்தக் கலனும் வெளிக் கல்லூரிகளுக்கு ஆண்டில் சில நாட்களாவது, மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், முன்கூட்டி அறிவித்த தேதியில் திறக்கட்டும். வழிகாட்டிகள் செய்ய வேண்டியதும் உண்டு. வெற்றிடச் சோதனைத் தாள், முங்கல் பதிவேடு, பேட்டரி கையாளும் முறை ஆகிய மூன்றும் இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீர் கிடைக்காததால் சோதனை நடக்கவில்லை என்றால், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அறிக்கையின் பின்னிணைப்பாகவே சேருங்கள். ஒரு நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். அமைச்சகத்திடம் கொண்டுபோக அந்தக் கடிதங்கள் வேண்டும்.