ஆராய்ந்து தெளிதல்

நோய்க்கு நிற வேற்றுமை இல்லை. அதனைத் தீர்க்கும் அறிவிற்கும் இல்லை. எனினும், அமெரிக்க நாட்டில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளின் வாயில்கள் கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தன. உள்ளே சென்று கற்றவர் சிலர்; கற்பிக்கும் உயர்நிலை எய்தியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜேன் குக் ரைட் அம்மையார்.

1919-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்த அவர், 1945-இல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்து மருத்துவராக உயர்ந்தவர். தந்தையார் லூயிஸ் ரைட், ஹார்லெம் மருத்துவமனையில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய அறுவை மருத்துவர். 1949-இல் மகளும் அந்நிலையத்தில் சேர்ந்தார். 1952-இல் தந்தையார் மறையவே, அதன் தலைமைப் பொறுப்பு அவரைச் சேர்ந்தது.

மருந்தினால் புற்றுநோயைத் தணிக்கலாம் என நம்பியோர் அந்நாளில் சிலரே. அம்மையாரோ, நோயாளியின் கட்டியிலிருந்து சிறு பகுதியை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, எம்மருந்து அதற்கு ஏற்றது என ஆராய்ந்தார். மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து மார்பகப் புற்றுநோயைத் தணிக்கவல்லது என 1951-இல் அவர்தம் குழுவினர் காட்டினர். 1964-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை நிறுவிய எழுவருள் பெண்மணி அவர் ஒருவரே. 1967-இல், தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராகவும் துணை முதல்வராகவும் அமர்ந்தார். அந்நாளில் அமெரிக்க மருத்துவக் கல்வித் துறையில் கறுப்பினப் பெண்மணி ஒருவர் எய்திய மிக உயர்ந்த பதவி அதுவே எனப் போற்றப்பட்டது.

‘திறமை உடையவர் எத்தடையையும் கடந்து உயர்வர், ஆதலின் தடை பெரிதன்று’ என்பார் உளர். அது பொருந்தாது. அம்மையாருக்கு மருத்துவக் குடும்பம் ஒன்று துணை நின்றது. அத்துணை இன்றி, வாயிலிலேயே திரும்பிய திறமையாளர் எத்துணையரோ! அவர்களால் தீர்ந்திருக்கக்கூடிய நோய்கள் எத்துணையோ! ஒருவர் உயர்ந்தது அவர்க்குப் பெருமை. பிறர் உயர இயலாதது சமுதாயத்திற்குச் சிறுமை.

ஆராயாமலே ஒரு மருந்தைப் பயனற்றது எனத் தள்ளும் மருத்துவரை அறிவுடையார் ஏற்பரோ? ஏலார். மாணவரின் திறமையை ஆராயாது, தோலின் நிறத்தைக் கண்டு தள்ளுவதும் அத்தகைய பிழையே அன்றோ? அம்மையார் 2013-இல் மறைந்தார். ஆராய்ந்த பின்னரே தெளிதல் வேண்டும் என்பது அவர் மருந்துகளிடத்துக் கைக்கொண்ட நெறி. மனிதரிடத்தும் அந்நெறியைக் கைக்கொள்வதே கற்றவர் கடமையாகும்.