பஞ்சமி நிலத்துக்குப் பதில் வீட்டுமனை: எங்கள் நிலைப்பாடு

நாங்கள் நடத்திவரும் பஞ்சமி நில வழக்கொன்றில், ரிட் மனுவைத் திரும்பப் பெற்றால் மனுதாரர் குடும்பங்களுக்குத் தலா 3 சென்ட் வீட்டுமனைப் பட்டா தரலாம் என்று அதிகாரிகள் தரப்பிலிருந்து வாய்மொழியாக ஒரு யோசனை வந்திருக்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊரின் பெயரை எழுதவில்லை. இந்த யோசனை குறித்து எங்கள் சட்டக் குழுவுக்கும் களக் குழுவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் கீழ்க்கண்டவற்றைப் பொதுக்குழு ஏற்றிருக்கிறது.

1. நிலத்தின் நிபந்தனை

டிரெமென்ஹீர் அறிக்கை, 1892 செப்டம்பர் 30 அரசாணை, காரணை நில மீட்புப் போராட்டம் ஆகியவற்றைப் பற்றியும், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரைப் பற்றியும் எங்கள் உறுப்பினர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நிபந்தனையை மட்டும் சொல்கிறோம். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அரசு ஒப்படைத்த நிலமே பஞ்சமி நிலம். ஒப்படை பெற்றவர் முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

2. ஆவணத்தைக் காட்ட வேண்டியவர் யார்?

எங்களிடம் வரும் குடும்பங்களை அலுவலகங்களில் கேட்கும் முதல் கேள்வி, 'டி.சி. நிலம் (ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலம், அதாவது பஞ்சமி) என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்பது. ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கே தெரியும். ஒப்படைப் பதிவேடும் பழைய செட்டில்மென்ட் 'அ' பதிவேடும் இருந்தால், அவை வருவாய்த் துறையின் பதிவறைகளிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோதான் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் தன் பாட்டன் காலத்து ஒப்படை உத்தரவைக் கூரை வீட்டில் கறையான் அரிக்காமல் காத்து வைத்திருக்க வேண்டுமாம். பூட்டிய அலமாரியும் சம்பளம் வாங்கும் ஊழியர்களும் உள்ள அரசு மட்டும் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட்டுப் போகலாமாம். இது எந்த ஊர் நியாயம்?

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பழைய பதிவேட்டில் இருந்த 'டி.சி.' என்ற குறிப்பு பல கிராமங்களில் புதிய பதிவேட்டுக்கு வரவே இல்லை. அன்று நிலத்தை அனுபவித்துக்கொண்டிருந்தவர் பெயரில் சாதாரண ரயத்துவாரிப் பட்டா ஏறியது. பின்னால் கணினியில் ஏற்றியதும் அந்தப் பதிவைத்தான். இன்று கணினிச் சிட்டாவை நீட்டி, 'இதில் பஞ்சமி என்று இல்லையே' என்கிறார்கள். தான் விட்ட பிழையையே தனக்குச் சாட்சியாக நிறுத்துகிறது அரசு.

எல்லா இடங்களிலும் இது வேண்டுமென்றே நடந்தது என்று அமைப்பு சொல்லவில்லை. இந்த வாக்கியம் இடம்பெற வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வலியுறுத்தினர், சேர்த்திருக்கிறோம். ஆனால் எங்கள் கைக்கு வந்த வழக்குகளில், குறிப்பு விடுபட்டதெல்லாம் ஒரே தரப்புக்கு ஆதாயமாகவே விடுபட்டிருப்பதைத் தற்செயல் என்று ஏற்க எங்களால் முடியவில்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் போனால், 'இது உரிமைத் தகராறு, சாட்சியம் எடுத்து உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்' என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. அங்கே போனால் உரிமையை நிரூபிக்கும் சுமை மறுபடி வாதியின் தலையில். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகிறது. வழக்கு முடிவதற்குள் நிலம் மனைப்பிரிவாகி, பவர் பத்திரத்தில் கை மாறிவிடுகிறது.

கைவசம் உள்ள ஆவணத்தை ஒருவர் முன்வைக்காவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. அரசு அதற்கு விலக்கா? 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நில ஆவணங்களைப் புனைவதையும் பட்டியல் சாதியினரின் நிலத்தைப் பறிக்கும் வழிகளுள் ஒன்றாகவே சொல்கிறது.

ஆகவே, யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் ஒப்படைப் பதிவேட்டையும் அரசு கிராமவாரியாக வெளியிட வேண்டும். முதல்நோக்கில் ஆதாரம் உள்ள இடங்களில், பழைய பதிவேடு காணவில்லை என்றால் அதன் பலன் மனுதாரருக்கே போக வேண்டும். அங்கே நிலம் பஞ்சமி அல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, தற்போதைய பட்டாதாரரின் பொறுப்பு.

3. மாற்று மனை

ஏக்கரை விட்டுக்கொடுத்துச் சென்ட் வாங்கும் ஏற்பாட்டை அமைப்பு கொள்கை அளவில் ஏற்கவில்லை. அதே வேளை, வீடில்லாதவர்களுக்கு மனை தருவது அரசின் கடமை. பெற்றுக்கொள்ளும் குடும்பத்தை யாரும் குறைசொல்லக் கூடாது. மனுதாரர்கள் எழுத்துமூலம் விரும்பினால், உரிய கட்டத்தில், பேச்சுவார்த்தை குறித்துப் பரிசீலிக்கலாம். பதிவேடுகள் மேசைக்கு வரும் முன் அந்தக் கட்டம் வந்துவிட்டதாக நாங்கள் கருதமாட்டோம். மனையைக் காட்டி மனுவைப் பறிப்பதற்குப் பேச்சுவார்த்தை என்று யாரும் பெயர் சூட்ட வேண்டாம்.

4. பிற

ஒப்படை நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்க ஆந்திரம் 1977இலும் கர்நாடகம் 1978இலும் தனிச் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உறுதிசெய்தது. தமிழ்நாடு இன்னும் வருவாய் நிலை ஆணையை வைத்தே காலம் தள்ளுகிறது. தனிச் சட்டம் வேண்டும்.

மீட்ட நிலத்தில் அரசுக் கட்டடம் எழுப்பக் கூடாது. நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கே மறு ஒப்படை செய்ய வேண்டும்.

பட்டா பெண்கள் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும்.

விவரம் தெரியாமல் மனை வாங்கிக் குடியேறிய ஏழைகளுக்கு நியாயமான தீர்வு தேவை என்பதில் உடன்பாடு உண்டு. வழிமுறை பின்னர் முடிவாகும்.

உறுப்பினர்களுக்கு

மனுவைத் திரும்பப் பெறும் கடிதம் எதிலும், வெற்றுத் தாள் எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பழைய கிஸ்து ரசீது, ஒப்படை உத்தரவு, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் எந்தத் தாளானாலும் நகலெடுத்து எங்கள் வழக்கறிஞர்களிடம் சேருங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரும் ஜமாபந்தியில் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.