பட்டி பூசினா துரு போயிடுமா?

பழைய வண்டியை மீட்டெடுக்கறதுன்னா பளபளன்னு பெயிண்ட் அடிக்கறதுன்னு நினைக்கறவங்க நிறைய. நான் வேற கட்சி: தகர வேலைதாங்க உயிர்.

அமெரிக்காவுல 1947-லேர்ந்து 1955 தொடக்கம் வரைக்கும் வந்த செவர்லே 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப்பை எடுத்துக்குங்க. கேபினோட பின்பக்கக் கீழ்மூலையில சேறும் தண்ணியும் தங்கி, உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். ஓட்டையில கம்பிவலை வச்சு பட்டியால அடைச்சா வெளியே வழவழன்னுதான் இருக்கும். உள்ளே துரு அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் பெயிண்ட் கொப்புளிக்கும்.

சரியான வழி, நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, புதுத் தகட்டை வளைச்சுப் பத்தவைக்கறது. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. ஒரே இழுப்பா வெல்டிங் பண்ணா சூட்டுல தகடு நெளிஞ்சுடும். இங்கொண்ணு அங்கொண்ணா புள்ளி வச்சு, ஆறவிட்டுத்தான் அடுத்தது. பத்தவச்ச இடம் ஆறும்போது சுருங்கும். பின்னால டாலியை முட்டுக் கொடுத்து, சுத்தியலால தட்டி நீட்டணும். கூலி ஜாஸ்தியாகறது இதுக்குத்தான். நியாயம்தானே?

ரெடிமேட் மூலைத்துண்டே கிடைக்குதேம்பீங்க. வாங்கலாம், தப்பேயில்லை. ஆனா எழுபது வருஷம் அடிபட்ட கேபின்ல அது அச்சா உட்காரும்னு நம்பாதீங்க. அங்கேயும் கைவேலை வேணும்.

பட்டியே கூடாதுன்னு சொல்லலை. மேடுபள்ளம் சமனாக்க மெல்லிசா பூசலாம். ஓட்டையை மறைச்சு விக்கறதுதான் மோசடி. வாங்கப் போறவங்க பையில ஒரு காந்தம் வச்சுக்குங்க. மூலையில அது ஒட்டலைன்னா, பேரத்தை அங்கேயே நிறுத்திடுங்க.